சர்வர்லெஸ் தளங்களும் நிரல்மொழிக் கோரிக்கைகளும்: காக்களூர் தொழிற்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

சர்வர்லெஸ் என்று பெயர் பெற்றுள்ள கணினிச் சேவையில் சர்வர் இல்லாமல் போவதில்லை. அதை வாங்குவதும், இயங்குதளத்தை நிறுவுவதும், பாதுகாப்புத் திருத்தங்களை இடுவதும், இரவு பகலாக ஓடவிடுவதும் வாடிக்கையாளரின் தலையிலிருந்து இறங்கிச் சேவை நிறுவனத்தின் பொறுப்பாகிவிடுகின்றன. வாடிக்கையாளர் தமது வேலையைச் செய்யும் சிறு நிரலை, அதாவது செயற்கூறு ஒன்றை, எழுதி ஒப்படைக்கிறார். அழைப்பு வரும்போது மட்டும் அது எழுப்பப்படுகிறது. ஓடிய நேரத்துக்கும் பிடித்த நினைவகத்துக்கும் ஏற்பக் கட்டணம் கணக்கிடப்படுகிறது. சொந்தமாக லேத் வாங்காமல் ஜாப் வொர்க்குக்குக் கொடுத்து, கடைந்து வந்த உருப்படிக்கு மட்டும் கூலி தரும் வழக்கம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையில் எவருக்கும் புதிதன்று. இச்சேவையும் அவ்வகையைச் சேர்ந்ததே. வேலை எடுப்பவரிடம் உள்ள இயந்திரத்துக்கு ஏற்ற வேலையைத்தான் கொடுக்க முடிவது போல, தளம் ஏற்கும் நிரல்மொழிகளில் எழுதப்பட்ட செயற்கூறுகளைத்தான் அங்கே ஓட்ட முடியும். பட்டியலில் இல்லாத மொழியில் நிரல் வைத்திருப்பவர், அம்மொழியையும் சேர்க்க வேண்டுமென்று கேட்கிறார். இக்கோரிக்கை மேகக் கணிமையின் தொடக்க நாள் முதல் கேட்கப்பட்டு வந்திருக்கிறது. சில வேளைகளில் ஓராண்டிலும், சில வேளைகளில் ஐந்தாண்டுகளிலும் நிறைவேறியிருக்கிறது. சில மொழிகளுக்கு ஒருபோதும் நிறைவேறியதில்லை. கோரிக்கையில் எழுதப்படுவது மொழியின் பெயர் மட்டுமே என்றாலும், உண்மையில் கேட்கப்படுவது பல்லாண்டுப் பராமரிப்புக்கான வாக்குறுதி என்பதும், அதைக் கேட்பவரும் தருபவரும் வெளிப்படையாகப் பேசாததே பெரும்பாலான ஏமாற்றங்களுக்குக் காரணம் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திருவள்ளூரை ஒட்டிய காக்களூரும், கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஆந்திர எல்லைக்கு அருகில் உள்ள கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் மென்பொருள் பூங்காக்கள் அல்ல. உருக்கு, வார்ப்படம், வாகன உதிரிப்பாகம், வேதிப்பொருள் போன்ற உற்பத்திக்குரிய இடங்கள். அவற்றை இக்கேள்வியுடன் இணைத்தது மென்பொருள் ஆர்வமன்று, ஜிஎஸ்டி வரிச் சட்டம். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்துக்கு இ-வே பில் என்ற மின்னணுச் சீட்டு 2018 ஜூன் 2 அன்று நடைமுறைக்கு வந்தது. மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு அது தேவை. மாநில எல்லையைத் தாண்டினால் 50,000 ரூபாயே வரம்பு. கும்மிடிப்பூண்டியிலிருந்து தடாவுக்கோ ஸ்ரீசிட்டிக்கோ செல்லும் லாரி சிறிது தூரத்திலேயே மாநிலம் மாறிவிடுவதால், அங்குள்ள ஆலைகளுக்குக் குறைந்த வரம்பே அன்றாட வரம்பாகிறது. இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஆண்டு விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமாகி, படிப்படியாக இறங்கி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அதே ஆண்டு அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று சிறு தொழில்களின் வாசலுக்கே வந்து சேர்ந்தது.

இ-இன்வாய்ஸ் என்பது கணினியில் அச்சிட்ட பில் அன்று. விற்பனை விவரங்களை வரையறுக்கப்பட்ட ஜேசான் வடிவில் அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்ப வேண்டும். அது சரிபார்த்து, 64 எழுத்துக் குறிகள் கொண்ட பதிவெண்ணையும், மின்கையொப்பமிட்ட கியூஆர் குறியையும் திருப்பித் தரும். அவற்றைப் பெற்ற பின்னரே அந்த விற்பனைக்கு முறையான இன்வாய்ஸ் உண்டு. கணக்கை முழுவதும் டாலியில் வைத்திருப்போருக்கு அந்த மென்பொருளே இவ்வேலையைச் செய்துவிடுகிறது. உற்பத்தி, ஜாப் வொர்க் டெலிவரி சலான், கேட் பாஸ் ஆகியவற்றுக்குத் தனியாக எழுதி வாங்கிய மென்பொருளை நம்பியிருக்கும் நிறுவனங்களுக்குத்தான் சிக்கல். அத்தகைய மென்பொருள்கள் பெரும்பாலும் விஷுவல் பேசிக் 6, ஃபாக்ஸ்புரோ, பிஎச்பி போன்ற மொழிகளில், பல ஆண்டுகளுக்கு முன் ஒரே நிரலாளரால் எழுதப்பட்டவை. ஒரு நாளைக்குச் சில டஜன் முறை, ஒவ்வொரு முறையும் சில நொடிகள் மட்டும் ஓடி, மற்ற நேரமெல்லாம் சும்மா இருக்கும் இந்த வேலைக்கு மாத வாடகை சர்வரைவிட சர்வர்லெஸ் செயற்கூறு பொருத்தமானது. ஆனால் நிரலாளர் அறிந்த மொழி ஒன்று, தளம் ஏற்கும் மொழி வேறொன்று.

இந்தப் பிளவின் வரலாறு 2008 ஏப்ரலில் கூகுள் வெளியிட்ட ஆப் எஞ்சினில் தொடங்குகிறது எனலாம். அது பைதான் ஒன்றையே ஏற்றது. அதிலும் சி மொழியில் எழுதிய துணை நிரலகங்களை அனுமதிக்கவில்லை. ஓராண்டில் ஜாவா வந்தது. 2011 இல் கோ மொழி வந்தது. ஆனால் இணைய நிரலாளர்களிடம் மிகப் பரவலாக இருந்த பிஎச்பி 2013 மே மாதம் வரை வரவில்லை. வந்தபோது, நெடுநாளாக மிக அதிகம் பேர் கேட்டுவந்த வசதி அதுவே என்று கூகுளே குறிப்பிட்டது. இடைப்பட்ட காலத்தில் மக்கள் காத்திருக்கவில்லை என்பது இதில் கவனிக்கத்தக்கது: ஜாவாவில் எழுதப்பட்ட குவெர்கஸ் என்னும் பிஎச்பி இயக்கியை ஆப் எஞ்சினின் ஜாவாச் சூழலுக்குள் ஏற்றி, அதன்மீது பிஎச்பி நிரல்களை ஓட்டினர். கேட்ட மொழி கிடைக்காவிட்டால் கிடைத்த மொழியின் வயிற்றுக்குள் கேட்ட மொழியை வைத்து ஓட்டும் இந்த உத்தி பின்னாளில் எல்லாத் தளங்களிலும் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.

அமேசானின் லாம்டா 2014 நவம்பரில் நோட்.ஜேஎஸ் மொழிச்சூழலுடன் அறிவிக்கப்பட்டது. 2015 இல் ஜாவாவும் பைதானும், 2016 இறுதியில் சி ஷார்ப்பும், 2018 ஜனவரியில் கோவும், அதே ஆண்டு நவம்பரில் ரூபியும் சேர்ந்தன. பிஎச்பி இன்றுவரை லாம்டாவின் நேரடிப் பட்டியலில் இல்லை. மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் ஃபங்ஷன்ஸ் 2016 நவம்பரில் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபோதிலும் பைதானுக்கு முழு ஆதரவு 2019 ஆகஸ்டில்தான் கிடைத்தது. கூகுளின் கிளவுட் ஃபங்ஷன்ஸ் 2018 வரை நோட்.ஜேஎஸ் ஒன்றோடு நின்று, 2021 இல் பிஎச்பியை ஏற்றது. பெருவாரியான மக்கள் கேட்கும் மொழி முதலில் வரும் என்ற எளிய விதி இவ்வரலாற்றில் செல்லுபடியாகவில்லை.

ஏன் என்பதை அறிய, ஒரு மொழியை ஆதரிப்பது என்றால் நடைமுறையில் என்னென்ன என்று பார்க்க வேண்டும். நிரலை ஓட்டுவதற்கான இயக்கச்சூழல், அதாவது மொழியின் இயக்கியும் அடிப்படை நிரலகங்களும் அடங்கிய தொகுதி, தளத்தில் இருக்க வேண்டும். தளத்திலிருந்து வரும் அழைப்பை அந்த மொழியின் செயற்கூறுக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தரும் இணைப்பு நிரல் வேண்டும். தரவுத்தளம், கோப்புச் சேமிப்பு, செய்தி வரிசை போன்ற மற்றச் சேவைகளைத் தொட அந்த மொழியில் எழுதிய கருவித்தொகுப்பு வேண்டும். பிழை நேர்ந்தால் அது எந்த வரியில் நேர்ந்தது என்று பதிவேட்டில் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மொழியின் இயக்கியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்படும் ஒவ்வொரு முறையும், தளத்தில் ஓடும் அத்தனை வாடிக்கையாளரின் செயற்கூறுகளும் முறியாமல் திருத்தம் போட வேண்டும். பழைய பதிப்புக்கு ஆதரவு முடியும்போது அனைவரையும் புதிய பதிப்புக்கு நகர்த்த வேண்டும். முதல் நான்கும் ஒருமுறை செய்து முடிக்கும் வேலைகள். கடைசி இரண்டும் முடிவே இல்லாத வேலைகள். தொடக்கத் தாமதம் என்ற இன்னொரு சிக்கலும் உண்டு: நீண்ட நேரம் அழைக்கப்படாத செயற்கூறை முதன்முறை எழுப்பும்போது இயக்கச்சூழல் கண்விழிக்க நேரம் பிடிக்கும்; இந்தக் குறை ஜாவாவில் மிகுதி. அதைக் குறைக்க அமேசான் 2022 நவம்பரில், ஏற்கெனவே கண்விழித்த நிலையைப் படமாகச் சேமித்து அதிலிருந்து தொடங்கும் தனி ஏற்பாட்டையே செய்ய வேண்டியிருந்தது. எனவே, ஒரு மொழியைச் சேர்க்கத் தளம் தயங்குவதைச் சோம்பல் என்று கருதுவது தவறு.

கேள்வியின் வடிவத்தையே மாற்றியது 2018 நவம்பரில் லாம்டா வெளியிட்ட தன்விருப்ப இயக்கச்சூழல் வசதி. மொழியின் பெயரைக் கேட்பதற்குப் பதிலாக, தளம் தன் ஒப்பந்தத்தைத் திறந்து காட்டியது. அந்த ஒப்பந்தம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. வாடிக்கையாளர் பூட்ஸ்ட்ராப் என்ற பெயரில் இயங்கக்கூடிய கோப்பு ஒன்றை வைக்கிறார். அது தொடங்கியதும், சூழல் மாறி ஒன்றில் தரப்பட்டிருக்கும் உள் முகவரியை எடுத்துக்கொண்டு, அடுத்த அழைப்பு எது என்று எச்டிடிபி வழியே கேட்கிறது. வேலை வரும்வரை அந்தக் கேள்விக்குப் பதில் வராமல் நிற்கிறது. வந்ததும் அதில் உள்ள தரவையும் கோரிக்கை எண்ணையும் எடுத்து, செயற்கூறை ஓட்டி, விடையை அதே கோரிக்கை எண்ணுக்குரிய முகவரிக்கு அனுப்புகிறது. தவறினால் பிழைக்குரிய முகவரிக்கு அனுப்புகிறது. மீண்டும் அடுத்த அழைப்பைக் கேட்கப் போய்விடுகிறது. எச்டிடிபி பேசத் தெரிந்த எந்த மொழியும் இதைச் செய்ய முடியும். இதைக் கொண்டே பிஎச்பிக்குப் பிரெஃப் என்ற திறந்தமூலத் திட்டம் வளர்ந்தது. கோபால் மொழிக்குக்கூட அப்போதே இயக்கச்சூழல் அறிவிக்கப்பட்டது. ஐபிஎம் நிறுவனத்தில் 2016 இல் தோன்றி அப்பாச்சி அறக்கட்டளைக்குச் சென்ற ஓப்பன்விஸ்க், தொடங்குவதற்கு ஒரு முகவரி, ஓட்டுவதற்கு ஒரு முகவரி என இரண்டே வாயில்கள் கொண்ட கொள்கலனை ஏற்று, இதே சிந்தனையை முன்பே செயல்படுத்தியிருந்தது. 2020 டிசம்பரில் லாம்டா 10 ஜிபி வரையிலான கொள்கலன் படிமங்களை ஏற்கத் தொடங்கியது; படிமம் என்பது நிரலையும் அதற்குத் தேவையான அனைத்தையும் ஒரே பொதியாகக் கட்டியது. அஷ்யூரின் தன்விருப்பக் கையாளிகளும் அதே காலத்தில் முழு ஆதரவு பெற்றன. கிளவுட்ஃபிளேர் வேறு வழியில், மொழிகளை வெப்அசெம்பிளியாக மாற்றி ஏற்கும் முறையில் சென்றது.

திறந்த ஒப்பந்தம் ஒரு பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை முழுத் தீர்வாகக் கொண்டாடுவது சிறு நிறுவனங்களின் நிலையை அறியாதவர்களின் பேச்சு. தன்விருப்ப இயக்கச்சூழலில் மொழியின் இயக்கியைப் புதுப்பிக்கும் பொறுப்பு வாடிக்கையாளரிடமே திரும்பி வருகிறது. கொள்கலன் படிமத்திலோ அடிப்படை இயங்குதளக் கோப்புகளின் திருத்தமும் சேர்ந்து அவரிடம் வருகிறது. சர்வரைப் பராமரிக்கும் சுமையிலிருந்து விடுபடவே சர்வர்லெஸ் தளத்துக்கு வந்தவர், மொழியின் பொருட்டு அதே சுமையில் ஒரு பங்கை மீண்டும் தூக்குகிறார். தனி மென்பொருள் குழு உள்ள நிறுவனம் இதைத் தாங்கும். கணக்காளர் ஒருவரும், தொலைபேசியில் அழைத்தால் வாரத்துக்கு ஒருமுறை வரும் நிரலாளர் ஒருவரும் உள்ள தொழிற்பேட்டை நிறுவனம் தாங்காது. ஆதரவுப் பட்டியலில் உள்ள மொழிகூட நிலையானதன்று என்பதற்குக் கோ மொழியே சான்று: அடிப்படையாக இருந்த பழைய அமேசான் லினக்ஸுக்குப் பராமரிப்பு 2023 இறுதியில் முடிந்தபோது, லாம்டாவில் கோவுக்கென இருந்த தனி இயக்கச்சூழலும் முடிவுக்கு வந்தது, அதில் எழுதியவர்கள் தன்விருப்ப வழிக்கே அனுப்பப்பட்டனர்.

தமிழ்நாட்டிலேயே வடிவமைக்கப்படும் சர்வர்லெஸ் தளம் என்ற வகையில் ஸோஹோ நிறுவனத்தின் கேட்டலிஸ்ட் இவ்வாய்வில் தனியிடம் பெறுகிறது. 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009 இல் ஸோஹோ எனப் பெயர் மாறிய அந்நிறுவனம், தன் கிரியேட்டர் மென்பொருளுக்கு டெலூஜ் என்ற சொந்தக் குறுமொழியையே உருவாக்கியது. நிரலாளர் அல்லாதவரும் கற்றுக்கொள்ளும் எளிமை அதற்கு உண்டு. அந்நிறுவனத்தின் சேவைகளுக்கு வெளியே அதில் எழுதியதை ஓட்ட இடமில்லை என்பது அதன் விலை. கேட்டலிஸ்ட் இதற்கு மாறாகப் பொது மொழிகளைத் தேர்ந்தது: செயற்கூறுகளுக்கு ஜாவா, நோட்.ஜேஎஸ், பைதான் ஆகிய மூன்று. மற்ற மொழிகளுக்கு ஆப்செய்ல் என்ற பிரிவு உண்டு. தளம் ஒதுக்கும் துறை எண்ணைச் சூழல் மாறியிலிருந்து படித்து, அதில் எச்டிடிபி அழைப்புகளுக்குச் செவிகொடுக்கும் எந்தப் படிமத்தையும் அது ஏற்கிறது. மூன்று மொழிகளைத் தானே பேணி, ஏனையவற்றுக்கு வாயிலைத் திறந்து வைக்கும் இந்த ஏற்பாடு நேர்மையானது. ஆயினும் இச்சுற்றுவட்டாரத்தில் சிறு தொழில்களுக்கு மென்பொருள் எழுதித் தருவோரிடம் பிஎச்பி எவ்வளவு வேரூன்றியிருக்கிறது என்பதைக் கருதினால், தமிழ்நாட்டுத் தளம் ஒன்று நான்காவதாகத் தானே பேண வேண்டிய மொழி அதுவே என்று வலியுறுத்தலாம்.

ஆதரவின் ஆயுள் என்ற கூறு பெயரைவிட முக்கியமானது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆம் பிரிவு, கணக்குப் பதிவுகளை அவ்வாண்டின் ஆண்டறிக்கைக்கு உரிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. நோட்.ஜேஎஸ் பதிப்பு ஒன்று நீண்டகால ஆதரவு நிலையை எட்டிய பின் அதற்குக் கிடைக்கும் பராமரிப்பு 30 மாதங்கள். பைதான் பதிப்பு ஒன்றுக்கு வெளியீட்டிலிருந்து 5 ஆண்டுகள். ஓர் ஆண்டின் இன்வாய்ஸ்களைப் பாதுகாக்க வேண்டிய காலத்துக்குள், அவற்றை உருவாக்கிய நிரலின் மொழிப்பதிப்பு பைதான் என்றால் ஒரு முறையாவது, நோட்.ஜேஎஸ் என்றால் இரண்டு முறையாவது காலாவதியாகிவிடும். ஆதரவு முடிந்த பதிப்பில் எழுதிய செயற்கூறை முதலில் புதிதாக ஏற்ற முடியாமற் போகிறது. பின்னர் திருத்தவும் முடியாமற் போகிறது. வரி விதியில் சிறு மாற்றம் வந்தால், ஒரு வரியைத் திருத்துவதற்காக முழு நிரலையும் புதிய பதிப்புக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே கோரிக்கை எழுதுவோர், எந்தப் பதிப்பு, எத்தனை ஆண்டு, முடிவதற்கு எத்தனை மாதம் முன்னால் அறிவிப்பு, முடிந்த பின்னும் ஓட அனுமதி உண்டா என்பவற்றையும் சேர்த்துக் கேட்பது நல்லது. அதனுடன், மொழியைத் தொடாத ஒரு தடையையும் கேட்டறிய வேண்டும்: இ-இன்வாய்ஸ் தளத்தை இடைத்தரகர் இன்றி நேரடியாக அழைக்க நிலையான ஐபி முகவரியைப் பதிவு செய்ய வேண்டியுள்ளது, சர்வர்லெஸ் செயற்கூறுகளுக்கு இயல்பாக அத்தகைய முகவரி இராது, தனிக் கட்டணத்தில் அமைத்துக்கொள்ள வேண்டும். விரும்பிய மொழி கிடைத்த பின்னும் வேலை நடக்காமற் போவதற்கு இது ஒன்றே போதும். இக்கோரிக்கைகளைத் தனி நிறுவனம் எழுதினால் எண்ணிக்கையில் ஒன்று. தொழிற்பேட்டைச் சங்கம் தன் உறுப்பினர்களின் தேவையைத் தொகுத்து எழுதினால், தனித்தனிக் கோரிக்கைகளின் எண்ணிக்கையில் ஒருபோதும் தெரியாத ஒரு வாடிக்கையாளர் கூட்டம் தளத்தின் கண்ணுக்குத் தெரியவரும்.

மொழித் தெரிவு தமிழ் உரையைக் கையாளுவதையும் பாதிக்கிறது. காக்களூர் என்ற ஊர்ப்பெயரில் தமிழ் கற்ற குழந்தை எண்ணினால் ஐந்து எழுத்துகள். யுனிகோடில் ஒன்பது குறிகள். யுடிஎஃப்-8 வடிவில் 27 பைட்டுகள். நீளம் என்னவென்று கேட்டால் பிஎச்பியின் அடிப்படைச் சார்பும் கோ மொழியும் 27 என்கின்றன. ஜாவாஸ்கிரிப்டும் பைதான் 3-உம் 9 என்கின்றன. முகவரிக் கட்டத்தில் இத்தனை எழுத்துதான் என்று வெட்டும்போது, பைட்டுக் கணக்கில் வெட்டினால் எழுத்து உடைகிறது. குறிக் கணக்கில் வெட்டினால் ளூ என்பது ள ஆகிவிடலாம். பொன்னேரி என்பதன் முதல் எழுத்தைப் பார்வைக்கு ஒன்றே போலத் தோன்றும் இரு வேறு குறித்தொடர்களால் எழுத முடியும் என்பதால், ஒப்பீட்டுக்கு முன் சீராக்காவிட்டால் ஒரே ஊர் இரண்டாகப் பதிவாகும். பைதானுக்கு இருக்கும் ஓப்பன்-தமிழ் என்ற திறந்தமூல நிரலகம் தமிழ் எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ணுகிறது. பழைய எழுத்துரு வடிவங்களை யுனிகோடுக்கு மாற்றவும் உதவுகிறது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் தமிழ் நிரல்மொழியும் பைதான்மீது கட்டப்பட்டது. எந்தத் தளமும் எழிலைப் பட்டியலில் சேர்க்காவிட்டாலும், குவெர்கஸ் காட்டிய வழியில், பைதான் செயற்கூறு ஒன்றின் பொதிக்குள் அதன் இயக்கியைச் சேர்த்துக் கொண்டுசெல்ல இடமுண்டு. நோட்.ஜேஎஸ் 2019 இல் 13-ஆம் பதிப்பிலிருந்துதான் உலக மொழிகள் அனைத்துக்குமான முழுத் தரவுடன் வருகிறது. அதற்கு முன் ஆங்கிலத்துக்குரியது மட்டுமே இயல்பாக இருந்தது. ஆதலால் ஆதரவு என்பதில் மொழியின் இயக்கியோடு அதன் எழுத்துத் தரவும் அடங்கும்.

எவ்வளவு கேட்டாலும் கிடைக்காத மொழிகளும் உள்ளன. விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998 இல். அதன் நிரலாக்கச் சூழலுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்தது. விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9-க்கு 2015 ஜனவரியில் முடிந்தது. உருவாக்கிய நிறுவனமே மேம்பாட்டைக் கைவிட்ட மொழியின் இயக்கியை, 32-பிட் விண்டோஸையும் அதன் உள்கூறுகளையும் சார்ந்திருக்கும் ஒன்றை, லினக்ஸ்மீது நிற்கும் தளம் ஏற்றுப் பேண வேண்டுமென்று எதிர்பார்ப்பதில் பொருளில்லை. அதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய மென்பொருளைத் தூக்கி எறியச் சொல்வதும் முறையன்று. அதில் பதினைந்து இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த உற்பத்தி விவரங்களும், அந்நிறுவனத்துக்கே உரிய கணக்கு வழக்கமும் உள்ளன. நடைமுறையில் பலன் தருவது எல்லையை வேறிடத்தில் வகுப்பது: பழைய நிரல் அலுவலகக் கணினியிலேயே இருந்து, ஒவ்வொரு பில்லுக்கும் ஓர் உரைக்கோப்பை ஒரு கோப்புறையில் எழுதி வைக்கட்டும், சிறு துணை நிரல் ஒன்று அதை மேகச் சேமிப்பில் ஏற்றட்டும், கோப்பு வந்ததும் எழும் பைதான் செயற்கூறு அதை ஜேசானாக்கி, பதிவெண்ணைப் பெற்று, விடைக்கோப்பைத் திருப்பி வைக்கட்டும். ஃபாக்ஸ்புரோ யுனிகோடை அறியாது. பழைய தரவில் தமிழ்ப் பெயர்கள் பாமினி போன்ற எழுத்துருக்களின் குறியீட்டிலோ, 1999 இல் தமிழ்நாட்டில் தரமாக அறிவிக்கப்பட்ட டேப் குறியீட்டிலோ கிடக்கக்கூடும். எனவே மாற்றத்தை அலுவலகக் கணினியில் செய்யாமல் செயற்கூறிலேயே செய்து, மாற்றுமுன் இருந்த மூலக்கோப்பையும் மாற்றிய கோப்பையும் 72 மாதமும் சேர்த்தே வைத்திருக்க வேண்டும்; பெயர் ஒன்று பிசகினால், பிசகியது பழைய நிரலா மாற்றியா என்பதை அவ்விரண்டையும் அருகருகே வைத்துத்தான் அறிய முடியும்.